சீனுவின் முடியும் என் வேலையும்

போன மாதம் சித்தூரில் ஒரு நர்சிங் காலேஜில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் உலக சுகாதாரத் துறையில் ஆராய்ச்சி, வேலைவாய்ப்பு என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு முன்னால் பேசிய ஒருத்தர், ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டால் விமானம் வாசலுக்கே வரும் என்கிற மாதிரி பேசினார். இன்னொருத்தர் லண்டன் சம்பளத்தைச் சொன்னதும் கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. திருப்பதி ரோட்டில் இப்போது இதற்கென்றே வரிசையாக போர்டு தொங்குகிறது. தப்பில்லை, போகிறவர்கள் போகட்டும். என் மகளும் போனவள்தான்.

என் முறை வந்தபோது, அறிமுகம் செய்கிறவர் காதோரம் குனிந்து, "மேடம், உங்க குவாலிஃபிகேஷன்?" என்றார்.

"அஞ்சாம் கிளாஸ்."

"அது வேணாம் மேடம். சீனியர் கம்யூனிட்டி எக்ஸ்பர்ட்னு சொல்லிடறேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. மைக்கைக் குடு."

வாங்கியதும் முதல் வாக்கியமாக என் ஐந்தாம் வகுப்பைத்தான் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் நான் போகாத தெரு கிடையாது, நான் எடை பார்க்காத குழந்தை கிடையாது. கடல் தாண்டி வந்த பேராசிரியர்கள் இந்த சரோஜாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே, அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு, வெயிலில் என் பின்னால் நடந்திருக்கிறார்கள். இப்போது அந்த வேலைக்கே டிகிரி வேண்டும் என்று விளம்பரம் வருகிறது. வரட்டும். வேலை வந்த பிறகுதானே டிகிரி வந்தது.

பேசி முடிக்கும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண். "ஆன்ட்டி, ரிசர்ச்ல நர்ஸுக்கு இன்னா பவர் இருக்குது? ப்ளான் போடறது டாக்டருங்க. சாம்பிள் எடுத்துக் குடுக்கறது நாங்க. அவ்ளோதானே?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பதிலை ஆரம்பித்தேன். சாப்பாட்டு பெல் அடித்தது. பெல்லுக்கு நிறுத்துகிறவள் நான் இல்லை என்று தெரிந்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கையாலேயே எழுதுகிறேன். அச்சுப் போடுகிறவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம், விஷயத்தைத் திருத்தக் கூடாது.

என் நைனா அடுத்தவர் கரும்புக் கொல்லையில் வெட்டுக்குப் போனவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது, புத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். துடைப்பம் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். பிரஷர் எப்படிப் பார்க்கிறார்கள், குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள், அழுகிற தாயிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள், எல்லாம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, ஏனென்றால் பெருக்குகிறவளை யாரும் பார்ப்பதே இல்லை.

ஒருநாள் ஒரு ஜீப் வந்தது. குழந்தைகள் ஆரோக்கியம் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு, தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்த பெண் தேடுகிறார்கள் என்று சொன்னார்கள். மற்றவர்கள், யாராவது தங்கள் பெயரைச் சொல்லிவிட மாட்டார்களா என்று நின்றிருந்தார்கள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக ஜீப் முன்னால் போய் நின்றேன். உள்ளே இருந்த அம்மா தலையை நீட்டி, "ஏம்மா, வழிய மறைக்கிற?" என்றார். "தேடற ஆளு நான்தான். வேற எங்கயும் சுத்தாதீங்க" என்றேன். அவர்தான் ரூத் சிஸ்டர்.

ரூத் சிஸ்டர் சித்தூர்க்காரர். வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, வெளிநாடு போய் ஆராய்ச்சிப் படிப்பு முடித்து, அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்தவர். திட்டத்தில் டாக்டர்கள் இருந்தார்கள், மேனேஜர் இருந்தார். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி நடக்கிற வேலைக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார், ரொம்பக் கோபம் வந்தால் பேசுவதையே நிறுத்திவிடுவார். அவர் பேசாமல் இருப்பதற்குத்தான் நாங்கள் பயந்தோம்.

ஒரு வீட்டில் எதையாவது கேட்பதற்கு, ஒரு சொட்டு ரத்தமோ குழந்தையின் எடையோ எதுவாக இருந்தாலும், அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இதை நர்சிங் படிக்கிற பெண்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். உங்கள் புத்தகத்தில் சம்மதம் என்று ஒரு பாடம் இருக்கும், அதில் இது இருக்காது.

முதலில், தாயின் கை சும்மா இருக்க வேண்டும். நகரிப் பக்கம் பாதி வீடுகளில் பவர்லூம் தறி. தறி ஓடும்போது கேட்டால் நம்மை அனுப்பி வைப்பதற்காகவே "சரி சரி" என்பார்கள். அந்தச் சரியை சிஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். தறி நிற்கிறவரை காத்திருப்போம். கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஊரே மின்சாரக்காரர்களைத் திட்டும், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

அடுத்தது, கேட்டு முடிக்கும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. இதில் அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. "சிஸ்டர், எங்க சனத்து வீட்ல தண்ணி வேணாம்னா அதுக்கு அர்த்தமே வேற. அவமானப்படுத்தறதா நெனைப்பாங்க" என்றேன். அவர் யோசித்தார். "தண்ணி குடுத்தவங்க விருந்தாளிகிட்ட இல்லைன்னு சொல்ல மாட்டாங்க சரோஜா. முதல்ல கேக்கலாம். சரின்னாலும் வேணாம்னாலும், அப்பறமா நானே கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்" என்றார். அப்படியே செய்தார். மற்றவர்களின் ஏரியாவில், முகத்தில் அடித்தாற்போல் மறுத்த வீட்டிலும் உட்கார்ந்து, "தாகமா இருக்குதும்மா" என்று சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

கடைசியாக இரண்டு கேள்வி. இது எதற்காக என்று தாயே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு, "வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்பார். "ஒண்ணும் ஆகாது" என்று தாய் வாயிலிருந்து வரவேண்டும். நடுவில் நான் எடுத்துக் கொடுத்தால், "நீ நிறுத்து. அவங்க சொல்லட்டும்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முடி விஷயம் வந்தது. குழந்தைகளின் உடம்பில் ஈயம் மாதிரியான உலோகம் சேர்ந்திருக்கிறதா என்று முடியை வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைகள். பின்தலையில், பென்சில் பருமன் அளவுக்கு, தோலை ஒட்டி வெட்ட வேண்டும். வேர்ப்பக்கம் எது என்று தெரிய நூல் கட்ட வேண்டும். காகித உறையில்தான் போட வேண்டும். இதற்கென்று முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் கொடுத்தார்கள்.

இந்த முறையை எழுதி அனுப்பியவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் முதல் முடி குழந்தையுடையது இல்லை, சாமியுடையது. வயிற்றில் இருக்கும்போதே வேண்டிக்கொள்வார்கள். மேல் திருப்பதிக்கோ குலதெய்வத்துக்கோ போய் இறக்கும்வரை அதில் ஒரு மயிரிழையைக்கூடக் கத்தி தொடாது. ஆண் குழந்தைக்கும் ஜடை போட்டு ரிப்பன் கட்டி வைத்திருப்பார்கள்.

நான் போன வீடுகளில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "மலைக்குப் போய்ட்டு வந்து பாக்கலாம்க்கா" என்றார்கள். அதுவரை எனக்கு ஒதுக்கிய வட்டத்தில் ஒரு வீடுகூட எதையும் மறுத்ததில்லை. மாதக் கூட்டத்தில் இதை நான் சத்தமாகவே சொல்வேன். ரூத் சிஸ்டருக்கு மட்டும் அது பிடிக்காது. "எல்லாரும் சரின்னா எனக்கு பயமா இருக்கு சரோஜா" என்பார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் டீமில் குமாரி என்று ஒருத்தி, நல்ல வாயாடி. எல்லாரும் வெறுங்கையோடு வந்தபோது அவள் மட்டும் உறை உறையாக முடி கொண்டுவந்தாள். மேனேஜர் பிரசாத் சார் அவளுக்குக் கைதட்டச் சொன்னார், தட்டினோம். சில வாரம் கழித்து வெளிநாட்டு லேபிலிருந்து பதில் வந்தது. பிரசாத் சார் கூட்டத்தில் வாசித்தார், வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குமாரி, பத்து மாசப் பாப்பாவுக்கு தலைக்கு டை அடிக்கறாங்களா உங்க ஊர்ல?"

குமாரி முழித்தாள். அவள் மச்சான் சலூன் வைத்திருந்தான். தரையில் கிடந்ததைப் பொறுக்கி உறையில் போட்டிருக்கிறாள். "தெனம் எத்தனை எத்தனைன்னு கேட்டுக்கினே இருந்தீங்களே சார், நான் இன்னா பண்றது? சாமி முடிய வெட்டி பாவத்த வாங்கிக்கறதா? சலூன் முடிக்கு எந்த சாமி வந்து கேக்கப்போறாரு?" என்றாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூத் சிஸ்டர் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. குமாரியின் உறைகள் எல்லாவற்றையும் அவரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

இதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல். சிஸ்டர் பயிற்சி ஒன்றுக்காக வெளியூர் போயிருந்த வாரம், பிரசாத் சார் எங்களைத் திருப்பதி ஆபீசுக்கு வரச் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை. கடப்பா பக்கத்துக்காரர், படித்த மனுஷன், மேலே இருப்பவர்கள் தினமும் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். "தாய்மாருங்க ஏற்கெனவே கையெழுத்து போட்டிருக்காங்க. அதுல முடியும் இருக்கு. தலை சுற்றளவு பாக்க டேப் வைக்கறீங்க இல்ல? ஒரு கை டேப்ல, ஒரு கை பின்னாடி. ஒரே வெட்டு. இவ்வளவு அடர்த்தியில யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

கையெழுத்து உண்மைதான். அந்தக் காகிதம் தெலுங்கில் இருந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு நாங்கள் வாயால்தான் சொல்லியிருந்தோம், முடி பிற்பாடுதான் என்பதால் அதைச் சுருக்கமாகத் தாண்டியிருந்தோம்.

நான்தான் வாயைத் திறந்தேன். "சார், இது திருட்டு."

"சரோஜம்மா, பெரிய வார்த்தை பேசாதீங்க. நாளைக்கு உங்க ஏரியாவுக்கு நானே வர்றேன். நீங்க செஞ்சு காமிங்க, மத்தவங்க அதைப் பாத்து செய்வாங்க."

என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், என்னை எந்த வீடும் சந்தேகப்படாது என்பது. அது எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. என் மகள் அப்போது நர்சிங் இரண்டாவது வருஷம். அவள் படிப்பு முழுக்க என் சம்பளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் போகச் சொன்னது தேவகி வீட்டுக்கு. தேவகி கூலிக்குத் தறி ஓட்டுகிறவள். இரண்டு தரம் கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியவன் சீனு. தோளைத் தொடுகிற முடி, இரட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். முதல் வருஷமே மலைக்குப் போயிருப்பார்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது. வருஷம் திரும்பும்வரை மலை ஏறக் கூடாது. அதனால்தான் அவன் தலையில் அவ்வளவு முடி.

தேவகி தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "வாக்கா, சாரு வேற வந்துகிறாரு! ஒக்காரு சார்." சீனுவை என் மடியில் விட்டாள். அவள் மாமியார் உள்ளே அடுப்பருகே இருந்தாள். நான் டேப்பை எடுத்துக் குழந்தையின் நெற்றியைச் சுற்றி வைத்தேன். பிரசாத் சார் என் வலதுபக்கம் குனிந்து, கத்தரிக்கோலை என் உள்ளங்கையில் வைத்தார். தேவகி மகனைச் சிரிக்கவைக்க எதிரில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். என் விரல் பின்தலை முடிக்குள் இருந்தது. வெட்டியிருக்கலாம். அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

கத்தரிக்கோலைத் தரையில், அவள் காலருகில், சத்தம் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"தேவகி, இது சீனு முடிய வெட்டறதுக்கு. உனக்குத் தெரியாம வெட்டச் சொல்றாங்க. நான் வெட்டமாட்டேன்."

தேவகி குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மாமியார் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "யாருடா அவன், எங்க சாமி சொத்துல கைய வெக்கறவன்! கைநீட்டறத்துக்கு வேற ஊடு கெடைக்கலயா?" பக்கத்துத் தறிகளும் நின்றன. பிரசாத் சாருக்கு எங்கள் பக்கத்துத் தமிழ் பாதிதான் புரியும். பாதி போதுமானதாக இருந்தது. ஜீப்பில் ஏறிய பிறகுதான் பேசினார். "நாளையிலிருந்து வர வேண்டாம். பையும் ஐடி கார்டும் ஆபீஸ்ல குடுத்துடுங்க."

மூன்றாம் நாள் பையைக் கொடுக்கத் திருப்பதி போனேன். ரூத் சிஸ்டர் திரும்பி வந்திருந்தார். என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "வெட்டாதது சரி. அதை ஆபீஸ்லயே சொல்லி, போகவே மாட்டேன்னு நின்னிருக்கணும். அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள போய் ஏன் பண்ணின? மூணு நாளா அவ தூங்கியிருப்பாளா?" என்றார். இன்றைக்கும் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீசில் சொன்னால் ஆபீசுக்குத்தான் கேட்கும், ஊருக்குக் கேட்காது. அதை அவரிடமே சொன்னேன். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு தேவகி வந்தாள்.

இடுப்பில் சீனு. தலைக்கு எண்ணெய் வைத்து, ஜடை பின்னி, பூ வைத்திருந்தாள். என் வேலை போன சேதி அவள் தெருவரை போயிருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் பிரசாத் சார் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், எவ்ளோ முடி வேணுமோ எடுத்துக்கோங்க. சாமிகிட்ட நான் பேசிக்கறேன். அக்காவ மட்டும் வேலைய உட்டு எடுக்காதீங்க."

பிரசாத் சார் எழுந்தே விட்டார். "சூடண்டி, பாருங்க சிஸ்டர்! அவங்களே வந்து குடுக்கறாங்க. இதுக்கு மேல என்ன சம்மதம் வேணும் உங்களுக்கு?"

ரூத் சிஸ்டர் தேவகியை நாற்காலியில் உட்கார வைத்தார். "புள்ளைய சரோஜாகிட்ட குடும்மா. கை ரெண்டும் சும்மா இருக்கட்டும்" என்றார். சீனு என்னிடம் வந்தான். வந்ததும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். தேங்காய் எண்ணெயும் கதம்பமும் கலந்த வாசனை என் மூக்கடியில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், என் மகளின் ஹாஸ்டல் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பென்சில் பருமன் முடி. தாயே கொடுக்கிறாள். மேனேஜர் வேண்டும் என்கிறார். நான் சும்மா இருந்தாலே போதும்.

"இந்த முடி எதுக்கும்மா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒடம்புல ஈயம் சேந்துகிதான்னு பாக்கறதுக்கு."

"வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?"

தேவகி என்னைப் பார்த்தாள். "அக்காவுக்கு வேலை பூடும்."

பிரசாத் சார் குறுக்கே வந்தார். "அப்படி இல்லம்மா. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

"ஒண்ணும் ஆகாது" என்றாள் தேவகி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி.

"இது நீங்க சொன்னது சார். அவங்க சொன்னது முன்னாடியே வந்துடுச்சு" என்றார் சிஸ்டர்.

பிரசாத் சார் கத்தரிக்கோலை மேஜைமேல், என் பக்கம் தள்ளினார். "சரோஜம்மா, நீங்களே சொல்லுங்க. உங்க வேலை உங்க கையில இருக்கு."

"என் வேலை போனா வேற வேலை தேடிக்கறேன் சார். தொடப்பம் புடிச்ச கைதான், இன்னும் மறக்கல. இவ வேண்டுதல் போனா அத எங்க போய்த் தேடுவா? எடுக்கமாட்டேன். நானும் மாட்டேன், இந்த ஆபீஸ்ல வேற யாரையும் இந்தப் புள்ள தலையத் தொட உடமாட்டேன்."

தேவகி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். "நான் மனச கல்லாக்கினு வந்தேன். மாமியா கால்ல உழுந்து கேட்டுக்கினு வந்தேன். நீ இன்னாக்கா, மகாராணி மாதிரி வேணான்ற?"

"மகாராணிதான்டி நான். புள்ளைய வாங்கிக்கோ."

சிஸ்டர் சீனு பெயர் எழுதிய காகித உறையை எடுத்தார். காலியாகவே ஒட்டினார். மேலே 'எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிரசாத் சாரிடம், குரலை உயர்த்தாமல், தெலுங்கில் பேசினார். முடி எடுப்பதை எல்லா வீடுகளிலும் இப்போதே நிறுத்துகிறேன். எத்திக்ஸ் கமிட்டிக்கு நடந்ததை இன்றைக்கே எழுதுகிறேன். வீட்டுக்குள் நடக்கும் எதையும் நிறுத்துகிற அதிகாரம் திட்டத்தின் பொறுப்பு நர்ஸுக்கு உண்டு, அது நீங்களும் கையெழுத்துப் போட்ட திட்டத்திலேயே இருக்கிறது. இவ்வளவுதான் சொன்னார். பிரசாத் சார் உட்கார்ந்துவிட்டார். "பெரியவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் சிஸ்டர்?" என்றார். "நான் நிறுத்தினேன்னு சொல்லுங்க" என்றார் இவர்.

கண்ணாடி போட்ட பெண்ணே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். நர்ஸுக்கு என்ன பவர் என்றாய். நிறுத்துகிற பவர். டாக்டர் ப்ளான் போடுகிறார், தேசம் விட்டு தேசம் பணம் வருகிறது, லேபில் மெஷின் காத்திருக்கிறது, எல்லாம் சரி. அந்தக் கடைசி வீட்டில், குழந்தையின் தலைக்குப் பின்னால் இருப்பது உன் கை. லண்டனில் வேலை செய்தாலும் ராமகுப்பத்தில் வேலை செய்தாலும் அது உன் கைதான். அதை யாருக்கும் கடன் கொடுக்காதே. கொடுக்காவிட்டால் வேலை போகுமா என்றால், போகலாம். எனக்குப் போனது. கமிட்டி கூடுகிறவரை சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் கொட்டை எடுக்கிற வேலை செய்தேன். என் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "அம்மா, நீ செஞ்சத எங்க டீச்சர் கிளாஸ்ல கேஸா சொன்னாங்க. பேரு சொல்லல. நான் எழுந்து எங்க அம்மாதான்னு சொன்னேன்" என்றாள். கை முழுக்க மாம்பால் அரிப்போடு நின்று அதைக் கேட்டேன். அந்த அரிப்பு எனக்குப் பதக்கம் மாதிரி இருந்தது.

கமிட்டிக்காரர்கள் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாற்காலி போட்டார்கள், நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துதான் பதில் சொன்னேன். தெரியாமல் வெட்டுவது கூடாது, தமிழ் வீடுகளில் தமிழில் காகிதம் வேண்டும், மறுத்த வீடுகளை மறுத்ததாகவே எழுத வேண்டும் என்று முடிவானது. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிரசாத் சார் வேறு திட்டத்துக்கு மாறிப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வருஷம் திரும்பியதும் தேவகி குடும்பம் சந்திரகிரிப் பக்கத்துப் படி வழியாக நடந்தே மலை ஏறி முடி இறக்கிவிட்டு வந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், ரத்தம் எடுக்கிற புதுச் சுற்றுக்காக அவள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றேன். கரண்ட் போகிறவரை நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எதற்கு, எவ்வளவு, ஊசி எங்கே குத்தும் என்று எல்லாம் சொன்னேன். அவள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள்.

"வேணாம்னு சொன்னா இன்னா ஆகும்?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் ஆவாதே?"

"எனக்கும் ஆவாது. உனக்கும் ஆவாது."

"நெசமா?"

"நெசமாதான்."

"அப்ப வேணாம்க்கா" என்றாள். சொல்லிவிட்டு, பாரம் இறக்கியவள் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாக எனக்காக எத்தனை பேர் சரி சரி என்று தலையாட்டியிருப்பார்கள் என்று அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. என் வட்டத்தின் முதல் 'வேணாம்'. சம்பாதித்தவள் நான். இந்த ஜில்லாவில் இன்னொருத்தி சம்பாதித்திருந்தால் முன்னால் வரட்டும்.

தண்ணீர் கேட்டேன். சொம்பு நிறையக் கொடுத்தாள், அண்ணாந்து குடித்தேன். தெருவுக்கு வந்து ரூத் சிஸ்டருக்கு போன் போட்டேன்.

"சிஸ்டர், தேவகி வேணாம்னுட்டா."

"காரணம் கேட்டியா?"

"கேக்கல."

"நல்லது. அடுத்த வீட்டுக்குப் போ."

போனேன்.